பின்னக் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்



கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கினையும் தட்டுத் தடுமாறியேனும் கடந்து வந்துவிடும் பிள்ளைகளுள் பலர், பின்னம் என்னும் வாசற்படியில் வந்து நின்றுவிடுகின்றனர். அங்கே நின்றுவிட்ட பிள்ளை, பின்னர்த் தசமத்திலும் விழுக்காட்டிலும் இடைநிலைப் பள்ளியின் இயற்கணிதத்திலும் இடர்ப்படுகின்றது. 'எனக்குக் கணக்கு வராது' என்னும் சொல் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் பிறக்கின்றது. ஆகவே, இவ்வாண்டு மலரில் பின்னத்தைப் பற்றிச் சில சொல்ல முற்பட்டோம். இக்கட்டுரை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று களைத்து வீடு திரும்பும் பெற்றோர்க்கும் உரியதாகும்.

ஒரு விடையும் ஒரு தாயும்

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய பயிற்சிப் புத்தகத்தில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதப்பட்டிருந்தது. மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ள எண்களைத் தனியாகவும் அவன் கூட்டியிருந்தான். இப்பிழையைச் செய்யாத மாணவர் மிகச் சிலரே. அவனை அழைத்து, "தம்பி, அரையைவிட 2/5 பெரிதா, சிறிதா?" என்று வினவினோம். அவனால் விடை கூற இயலவில்லை. அரையோடு இன்னும் ஒன்றைச் சேர்த்த பின் கிடைப்பது அரையைவிடக் குறைவாக இருக்க முடியாது என்னும் எண்ணம் அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் அவன் தாயார் பள்ளிக்கு வந்திருந்தார். அவர் பால்மரம் வெட்டும் தொழிலாளி. "ஐயா, நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்," என்றார்.

"அம்மா, உங்கள் காட்டில் என்ன வெட்டு?" என்று கேட்டோம்.

"அரைச் சுற்று வெட்டுத்தான் ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள்."

"மூன்று நாளைக்கு ஒரு முறை என்று மாற்றினால், ஒரு நாளில் வெட்டும் மரம் கூடுமா, குறையுமா?"

"காடு அதே காடு என்றால் குறையத்தான் செய்யும் ஐயா. இரண்டாகப் பிரித்ததை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு சின்னதாகத்தானே போகும்?"

அருகில் நின்ற மகன் தன் தாயை நிமிர்ந்து பார்த்தான். அரையைவிட மூன்றில் ஒன்று சிறிது என்பதை எழுத்தறிவு குறைந்த அந்தத் தாய் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். அவர் அறியாதது பின்னமன்று. பின்னம் என்னும் பெயரை மட்டுமே.

இதில் எமக்கும் ஒரு பங்கு குற்றம் உண்டு. 'பகுதியைச் சமமாக்கு, பெருக்கு, கூட்டு' என்று விதியை முன்னால் ஓட விட்டு, பொருளைப் பின்னால் நடக்க விட்ட ஆண்டுகள் பல. விதி மறந்தவுடன் மாணவன் கையில் ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே, இப்போது பொருளிலிருந்து தொடங்குவோம்.

சமமாகப் பிரிப்பதே பின்னம்

ஒரு முழுப் பொருளைச் சமமான பங்குகளாகப் பிரித்து, அவற்றுள் சிலவற்றை எடுத்துக் கொள்வதைக் காட்டும் எண்ணே பின்னம். 3/4 என்பதில் கீழுள்ள 4 பகுதி எண். முழுமை எத்தனை சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டது என்பதை அது கூறும். மேலுள்ள 3 தொகுதி எண். அப்பங்குகளுள் எத்தனை எடுக்கப்பட்டன என்பதை அது கூறும். 'சமம்' என்னும் சொல்லே இங்கு உயிர் போன்றது. ஒரு தோசையை மனம்போல நான்காகக் கிள்ளிவிட்டால், ஒவ்வொரு துண்டும் கால் தோசை ஆகாது. தம்பிக்குப் பெரிய துண்டும் தங்கைக்குச் சிறிய துண்டும் போனால் வீட்டில் சண்டை எழுவதும் இக்காரணத்தால்தான். நியாயம் கேட்கத் தெரிந்த குழந்தைக்குப் பின்னமும் தெரியும்.

பகுதி பெருகினால் பங்கு சிறுகும்

எட்டு நான்கைவிடப் பெரிது. ஆகவே 1/8 ஆனது 1/4 ஐவிடப் பெரிது என்று எண்ணும் மாணவர் உளர். அந்தத் தாயார் கூறிய காட்டையே இங்கு எடுத்துக்கொள்வோம். 1,200 மரங்கள் உள்ளன எனக் கொள்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், ஒரு நாளுக்கு 1/2 பங்கு, அதாவது 600 மரங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை வெட்டினால், ஒரு நாளுக்கு 1/3 பங்கு, அதாவது 400 மரங்கள். நான்கு நாளைக்கு ஒரு முறையாயின் 1/4 பங்கு, 300 மரங்கள். பகுதி எண் 2, 3, 4 என ஏற ஏற, பங்கு 600, 400, 300 என இறங்குவதைக் காண்க.

தோட்டத்தில் இன்னும் பல பின்னங்கள் உள்ளன. அரைச் சுற்று வெட்டு என்பது மரத்தின் சுற்றளவில் 1/2 பங்கு. வாளியில் சேரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உலர்ந்த இரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மரத்தின் இனத்தையும் பருவத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். செம்பனைக் குலைகள் 100 கிலோ ஆலைக்குச் சென்றால், ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய் கிடைக்கின்றது. இது 20/100, சுருக்கினால் 1/5.

நாணயம் கற்பிக்கும் சமபின்னம்

ஒரு ரிங்கிட் என்பது 100 சென். 50 சென் அதில் 1/2; 20 சென் 1/5; 10 சென் 1/10; 5 சென் 1/20. ஐந்து 10 சென் நாணயங்களை அடுக்கி வைத்தால் 5/10. பத்து 5 சென் நாணயங்களை அடுக்கி வைத்தால் 10/20. இவை இரண்டும் 50 சென்னே. ஆகவே 1/2 = 5/10 = 10/20. எண்களின் தோற்றம் வேறாயினும் மதிப்பு ஒன்றே. இவற்றையே சமபின்னங்கள் என்கின்றோம். தொகுதி எண்ணையும் பகுதி எண்ணையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் மதிப்பு மாறாது என்னும் விதி, நாணயங்களை மாற்றி வைப்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

இனிக் கூட்டலுக்கு வருவோம். 1/2 + 1/5 எவ்வளவு? 50 சென்னும் 20 சென்னும் 70 சென். ஆகவே விடை 70/100, அதாவது 7/10. மேலும் கீழும் தனித்தனியே கூட்டினால் 2/7 என்று வரும். ஒரு ரிங்கிட்டில் 2/7 என்பது 29 சென்கூட இல்லை. கையில் இருந்த 50 சென்னோடு 20 சென் சேர்ந்த பின் பணம் குறைந்துபோகும் கணக்கை எந்தக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

1/2 + 1/3 க்கு ஒரு தாளை எடுத்துக்கொள்க. நீளவாக்கில் மூன்றாகவும் குறுக்கே இரண்டாகவும் மடித்து விரித்தால் ஆறு சம கட்டங்கள் தோன்றும். தாளில் பாதி மூன்று கட்டங்கள். மூன்றில் ஒன்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் சேர்த்தால் ஐந்து கட்டங்கள். எனவே 1/2 + 1/3 = 3/6 + 2/6 = 5/6. பகுதியைச் சமமாக்குவது என்பது இரண்டு பங்குகளையும் ஒரே அளவுள்ள கட்டங்களால் அளப்பதே ஆகும். 2, 3 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 6 என்பதும் இத்தாளிலேயே விளங்கிவிடும்.

முன்னோர் வைத்த பெயர்கள்

பின்னம் நமக்கு அயலான கலையன்று. கால், அரை, முக்கால் என்பனவற்றை இன்றும் நாம் சொல்கின்றோம். இவற்றுக்குக் கீழும் நம் முன்னோர் தனித்தனிப் பெயர்கள் வைத்திருந்தனர். 1/8 அரைக்கால், 1/16 மாகாணி, இதனை வீசம் என்றும் கூறுவர், 1/20 மா, 1/80 காணி, 1/320 முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். நான்கு கால் ஒன்று. 4, 4, 5, 4 ஆகியவற்றைப் பெருக்கிப் பார்த்தால் 320 வருவதை மாணவர்கள் சரிபார்க்கலாம். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியைக் கொண்டு இவற்றை மனப்பாடம் செய்தனர். நம் கையிலுள்ள 5 சென் நாணயம் ஒரு ரிங்கிட்டில் ஒரு மா. 10 சென் இருமா. 20 சென் நாலுமா. பாட்டன் பாட்டி அறிந்த சொற்கள் பேரப்பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கின்றன!

கூலிச் சீட்டில் உள்ள பின்னம்

பின்னம் தெரியாவிட்டால் தேர்வில் சில புள்ளிகள் மட்டுமா குறையும்? 1955 ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தின்படி, அதன் வரம்புக்குட்பட்ட தொழிலாளி சாதாரண வேலை நாளில் கூடுதல் நேரம் உழைத்தால், ஒரு மணி நேரக் கூலியைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு பெறுதல் வேண்டும். மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து ஒரு நாள் கூலியைக் கணக்கிடுவர். மாதச் சம்பளம் 2,080 ரிங்கிட் எனில், ஒரு நாளுக்கு 80 ரிங்கிட்; எட்டு மணி நேர வேலையாயின் ஒரு மணிக்கு 10 ரிங்கிட். கூடுதல் நேரத்திற்கு 10 × 3/2 = 15 ரிங்கிட். ஒரு மாதத்தில் ஆறரை மணி நேரம் கூடுதலாக உழைத்தவருக்கு 13/2 × 15 = 97 ரிங்கிட் 50 சென் சேர வேண்டும். ஒன்றரை மடங்கை மறந்து வெறும் 65 ரிங்கிட் எனக் கணக்கிட்டால், 32 ரிங்கிட் 50 சென் குறைந்துபோகும். சீட்டைப் பார்த்து, 'அப்பா, இது சரியா?' என்று கேட்கக்கூடிய ஒரு பிள்ளை வீட்டில் இருப்பது ஒரு காவல் இருப்பதற்குச் சமம்.

வீட்டில் செய்யத் தக்கவை

பெற்றோர்களே, பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு கற்பிக்குமாறு உங்களைக் கேட்கவில்லை. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ரொட்டியைப் பிரிக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுத்து, 'உனக்கு எத்தனையில் எத்தனை பங்கு?' என்று கேளுங்கள். முக்கால் கிலோ வெங்காயம் எத்தனை கிராம் என்று கேளுங்கள். விடையைச் சொன்னவுடன், 'எப்படித் தெரியும்?' என்று மறவாமல் கேளுங்கள். பிழையாகச் சொன்னால் கடிந்துகொள்ள வேண்டா. அப்பொருளையே மீண்டும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாணவர்களே, கூட்டத் தொடங்குமுன் 'விடை அரையைவிடப் பெரிதா, ஒன்றைவிடப் பெரிதா?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வொரு கேள்வி பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும்.

பயிற்சி

1. ஒரு ரிங்கிட்டில் 3/4 பங்கு எத்தனை சென்?
2. 1/4 + 1/5 எவ்வளவு? நாணயங்களைக் கொண்டு சரிபார்க்க.
3. 2/3, 3/5 ஆகியவற்றுள் பெரியது எது?
4. 1,200 மரங்களில் 3/8 பங்கு மழையால் வெட்டப்படவில்லை. வெட்டப்பட்ட மரங்கள் எத்தனை?
5. அண்ணன் ஒன்றரைத் தோசையும் அப்பா இரண்டே முக்கால் தோசையும் உண்டனர். மொத்தம் எத்தனை?

விடைகள்: (1) 75 சென். (2) 9/20, அதாவது 45 சென். (3) 2/3, ஏனெனில் 10/15 ஆனது 9/15 ஐவிடப் பெரிது. (4) 750 மரங்கள். (5) நாலே கால் தோசை.

மேலே கூறிய மாணவனுக்கு இன்று எல்லாக் கணக்கும் சரியாக வருகின்றது என்று கூற மாட்டோம். ஆனால், விடையை எழுதிய பின் ஒரு கணம் நின்று, அது பொருந்துகின்றதா என்று பார்க்கப் பழகியுள்ளான். ஐயம் எழுந்தால் மாலையில் தன் தாயாரைக் கேட்கின்றான். 'எனக்கு எங்கே தெரியும்' என்று சொன்ன அவரும் இப்போது அவ்வாறு சொல்வதில்லை. பள்ளியும் வீடும் ஆளுக்குப் பாதிச் சுமையை ஏற்றால் முழுமை தானே வரும். அவ்வாறே நம் பிள்ளைகள் யாவரும் கணிதத்தில் சிறந்து விளங்குக என வாழ்த்தி நிறைவு செய்கின்றோம்.