கணக்கேட்டில் பிறக்கும் குப்பை

சுழற்சிப் பொருளாதாரம் பற்றிய சொல்லாடல் நுகர்வோரின் மனசாட்சியையும் பொறியாளரின் வடிவமைப்பையும் தாண்டுவதில்லை. ஆனால் ஒரு பொருள் குப்பையாவது குப்பைத்தொட்டியில் அல்ல. அதற்கு முன்பே கணக்கேட்டில், தேய்மானம் போட்டு 'எஞ்சு மதிப்பு பூஜ்யம்' என்று எழுதும்போதே ஆகிவிடுகிறது. அதை எழுதும் நிதி அதிகாரியை நம்ம ஆட்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

அலுவலகத் தரைக்கான கம்பளத் துண்டுகள் தயாரிக்கும் அமெரிக்கக் கம்பெனி இன்டர்ஃபேஸ். அதன் நிறுவனர் ரே ஆண்டர்சன், 1994-இல் பால் ஹாக்கனின் நூலைப் படித்து மனம் மாறியவர். 1995-இல் கம்பளத்தை விற்காமல் மாத வாடகைக்கு விடும் திட்டம் வந்தது. தேய்ந்த துண்டை மட்டும் மாற்றுவது, கழற்றியதைத் திரும்ப எடுத்து மூலப்பொருளாக்குவது. பொருள் கம்பெனிக்கே சொந்தம். எனவே அது நீடித்து உழைப்பதும் கம்பெனிக்கே லாபம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சில ஒப்பந்தங்களோடு நின்றுபோச்சு.

ஏன்? வாடிக்கையாளரிடத்தில் கம்பளம் வாங்குவது மூலதனச் செலவு, சுத்தம் செய்வது நடப்புச் செலவு. இரண்டும் சேர்ந்த ஒரே பில்லை யார் தலையில் கட்டுவது? அத்தோடு, 1976-இன் அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி, தவணைகளின் இன்றைய மதிப்பு பொருளின் விலையில் 90 சதவீதத்தைத் தொட்டால் அது வாடகை அல்ல, கடனுக்கு வாங்கியது என்றே அன்று கருதப்பட்டது. பழங்கம்பளத்துக்குச் சந்தையில் விலை ஏது? முழு விலையையும் தவணையிலேயே வசூலிக்கணும். வாடகைக்குக் கையெழுத்துப் போட்டவர் இருப்புநிலைக் குறிப்பில் கடனாளி ஆனார்.

ஜெராக்ஸ் 1959-இல் அறிமுகப்படுத்திய தன் 914 எந்திரத்தை வாடகைக்கு விட்டபோது இந்தச் சிக்கல் இல்லை. (சூழல் அக்கறையும் இல்லை, விற்கிற விலைக்கு வாங்க ஆளிருக்காது, அவ்வளவுதான்.) திரும்பி வந்த எந்திரத்தைச் செப்பனிட்டு இன்னொருவருக்கு விடலாம். அதற்கு எஞ்சு மதிப்பு இருந்தது.

2019-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச விதி, 12 மாதத்துக்கு மேற்பட்ட ஏறக்குறைய எல்லாக் குத்தகைகளையும் கடன் பக்கம் ஏற்றிவிட்டது. மிச்சமிருக்கும் கேள்வி எஞ்சு மதிப்பை யார் சுமப்பது என்பதே. இத்தனை ஆண்டு கழித்து இன்ன விலைக்குத் திரும்ப எடுப்போம் என்று உற்பத்தியாளரின் நிதித் தலைவர் எழுதிக் கொடுத்தால் பூஜ்யம் ஓர் எண்ணாக மாறும். நஷ்டமானால் அவர் கம்பெனிக்கு. அதனால்தான் எழுதிக் கொடுப்பதில்லை. ஆண்டறிக்கையில் மரம் நடும் போட்டோக்களைத் தாண்டி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தேய்மானக் குறிப்பைப் படித்தால் இது தெரியும்.