புகைச் சான்றும் தகுதிச் சோதனையும்

சொந்தப் பயன்பாட்டுக்கு மகிழுந்து வைத்திருப்போருள் பலர், புகைச் சான்று பெற்றுவிட்டால் வண்டி முழுமையாகச் சோதிக்கப்பட்டுவிட்டது என எண்ணுகின்றனர். அது சரியன்று.

முதற்பதிவு நாளிலிருந்து ஓராண்டு நிறைவுற்றபின் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று கட்டாயமாகிறது. பி.எஸ். 4, பி.எஸ். 6 தர வண்டிகளுக்கு இது 12 மாதங்களும், முந்தைய தர வண்டிகளுக்கு 6 மாதங்களும் செல்லுபடியாகும். பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றின் அளவும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. மாசு விதிகளை மீறுவோருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ரூ. 10,000 வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தகுதிச் சோதனை இதனின்று வேறானது. சொந்த மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தி, 5 ஆண்டுகளுக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, முதல் 15 ஆண்டுகளில் பிரேக், டயர், விளக்கு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை இல்லை. புகைச் சான்று புகைக்கு மட்டுமே சான்று. பிரேக் பிடிக்கும் என்பதற்கு அன்று. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையுமுன் மாற்றுவதும், பிரேக்கைக் காலந்தோறும் பணிமனையில் சோதிப்பதும் உரிமையாளரின் பொறுப்பே.

பழைய மகிழுந்தைக் கடனில் வாங்க விரும்பும் வாடிக்கையாளர்கள், கடன் தவணைகள் முடியுமுன் பதிவுக்காலம் முடிகிறதா என்பதைப் பதிவுச் சான்றில் முதலில் பார்த்துக்கொள்வது நலம்.