பொறாமையும் நரம்புத்தொகுதியும்

அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள சொமர்வில் நகரசபை, இருவருக்கு மேற்பட்டோர் தம்மை வாழ்க்கைத் துணைவர்களாகப் பதிவு செய்வதற்கு 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வழிவகுத்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரமும் அதனைப் பின்பற்றியது. சம்பந்தப்பட்ட அனைவரும் அறிந்து சம்மதிக்க, ஒருவர் பலரை நேசிக்கும் இவ்வுறவுமுறை 'பொலியமோரி' எனப்படுகிறது. இதனை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நிலைப்பாடு. எனினும், அங்கு எழும் ஒரு கேள்வி எல்லா உறவுகளுக்கும் பொதுவானது. மனமொப்பிச் சம்மதித்த ஒருவர் பின்னர் பொறாமையால் துடிப்பது ஏன்?

விடையின் ஒரு பகுதி உடலில் உள்ளது. நேசிப்பவரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் எழும்போது பரிவு நரம்புத்தொகுதி தூண்டப்படுகிறது. அதிரீனலின் சுரந்து இதயத்துடிப்பு விரைவடைகிறது. போரிடவோ தப்பியோடவோ உடலைத் தயார்ப்படுத்தும் இச்செயற்பாட்டை உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915இல் விளக்கினார். அந்நிலையில் நிதானமாகப் பேசுதல் கடினம். ஆகவே, உரையாடலைச் சற்று நிறுத்தி, மூச்சை மெதுவாக வெளிவிடுவது பயன்தரும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயற்பாடு கூடி, இதயத்துடிப்பு தணிகிறது.

ஆயினும், நரம்பைத் தணிப்பது நேர்மைக்கு மாற்றீடாகாது. உடன்பாட்டை மீறியவரே, காயப்பட்டவரிடம் மூச்சுப் பயிற்சி செய்யுமாறு கூறுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். சில வேளைகளில் அமைதியின்மையே சரியான எச்சரிக்கை. உடல் தணிந்த பின்னர், "இது எனக்கு உண்மையிலேயே சம்மதமா?" என்ற கேள்வியை ஒருவர் தன்னிடம் தெளிவாகக் கேட்கலாம். அதற்கு இல்லை என்பதும் ஒரு விடையே.