கடிகாரத்தில் 190: இளைஞர் இதயம் ஏன் திடீரெனப் பாய்கிறது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு முடிய இரவு எட்டரை ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் நெருப்பெரிச்சல், வாவிபாளையம், பெருமாநல்லூர் சாலைப் பக்கத்து ஜிம்களில் கூட்டம் சேரும். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். சர்க்கரை இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, மாத்திரை மருந்து எதுவும் இல்லை. ட்ரெட்மில்லில் ஏறி ஐந்து நிமிடம் ஓடுவதற்குள் மணிக்கட்டில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச் 190 காட்டுகிறது. நேற்று இதே ஓட்டத்துக்கு 160தான் காட்டியது. "ஏனுங்கண்ணா, நெஞ்சு படபடங்குதுங்க" என்று பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஓடு" என்பார். பக்கத்தில் இருப்பவர், "தடுப்பூசி போட்டதுல இருந்து எல்லாருக்கும் இப்படித்தான்" என்பார். இரண்டையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் இது ஆபத்தில்லாத, காரணம் கண்டுபிடிக்கக்கூடிய ஏற்றம். சில நேரங்களில் மட்டும் இதயத்தின் மின்னோட்டத்தில் ஒரு பிசகு. 190 என்ற எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. துடிப்பு எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, கூடவே என்ன வந்தது என்பதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நன்றாக ஓடும்போது அது 20 லிட்டரைத் தொடலாம். ஓய்வில் 70 துடிப்பு இருக்கிறதென்றால், வேகஸ் என்ற நரம்பு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நரம்பின் பிடி இல்லாவிட்டால் இதயம் தானாகவே 100 வரை அடிக்கும். ஓடத் தொடங்கியதும் முதலில் இந்தப் பிடி தளர்கிறது. அதனால்தான் முதல் சில வினாடிகளிலேயே துடிப்பு சட்டென்று கூடிவிடுகிறது. அதற்கு மேல் ஏறுவது அட்ரினலின் வேலை.

அதிகபட்சம் எவ்வளவு போகலாம்? ஜிம் சுவர்களில் ஒட்டியிருக்கும் கணக்கு 220இலிருந்து வயதைக் கழிப்பது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கைக்கு வந்த தரவுகளை வைத்துத் தோராயமாகப் போட்ட கோடு அது. 2001இல் தனாகா என்ற ஆய்வாளரின் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொன்னார்கள். 24 வயதுக்காரருக்கு முதல் கணக்கில் 196, இரண்டாவதில் 191. இரண்டுமே சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது இயல்பு. ஆகவே மூச்சிரைக்க ஓடும் 24 வயதுப் பையனுக்கு 190 வருவது நோயல்ல. மெதுவாக நடக்கும்போது 190 வந்தால் அது கேட்க வேண்டிய கேள்வி.

கேட்பதற்கு முன், கடிகாரம் சொல்வது உண்மையா என்று பார்த்துவிட வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரம் இதயத்தை நேரடியாகக் கேட்பதில்லை. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் கூடிக் குறைவதை எண்ணிக் கணிக்கிறது. பட்டை தளர்வாக இருந்தாலும், வியர்வையில் வழுக்கினாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்கு தவறும். ஓட்டத்தில் இன்னொரு வேடிக்கை நடக்கும். ஓடுகிறவர் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைக்கிறார். கை வீச்சின் அந்த அதிர்வையே நாடித் துடிப்பு என்று கடிகாரம் எண்ணிவிடும். கடிகாரத்தில் 175 என்றும் உடம்பில் 135 என்றும் இருக்கும். உடனே ஓட்டத்தை மெதுவாக்கி, இரண்டு விரலை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் அலையையே படிப்பதால் அதன் எண் இன்னும் நம்பகமானது.

விரலும் அதே 190ஐச் சொல்கிறதா? அப்படியானால் அந்த நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கிறது.

ஜிம்முக்கு வரும் பையன் காலையிலிருந்து சும்மா இருந்தவன் அல்ல. தகரக் கூரைக்குக் கீழே, அல்லது நீராவி அயர்ன் பெட்டிகளுக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நின்றிருக்கிறான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உப்பும் தண்ணீரும் போகும், சூடு போகாது. உடம்பு என்ன செய்யும்? சூட்டை வெளியேற்ற ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். தசையும் ரத்தம் கேட்கும். வியர்த்ததில் ரத்தத்தின் நீரளவோ ஏற்கெனவே குறைந்திருக்கும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் குறைகிறது. அந்தக் குறையைத் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் இதயம் ஈடுகட்டுகிறது. உடலின் உள்சூடு ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் துடிப்பு சுமார் எட்டு முதல் பத்து கூடும். வேகத்தை மாற்றாமல் அரை மணி நேரம் ஓடினாலே துடிப்பு மெல்ல மெல்ல மேலே நகர்வதும் இதனால்தான். மார்கழியில் 155இல் முடிந்த ஓட்டம் சித்திரையில் 175இல் முடிவதை நோய் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க உழைப்பதும் இதயத்தைப் பழக்குவதும் ஒன்றல்ல. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பீஸ் தைக்கும் டைலருக்கு முதுகும் கழுத்தும் கண்ணும்தான் தேய்கின்றன. இதயத்துக்கு அது ஓட்டப் பயிற்சி ஆவதில்லை. "நான் தினமும் உழைக்கிறவன், எனக்கென்ன" என்று முதல் வாரமே வேகத்தைக் கூட்டினால், பழகாத இதயம் சிறிய வேலைக்கே உச்சத்துக்குப் போகும். ஆறு முதல் எட்டு வாரம் சீராகப் பயிற்சி செய்தால் அதே ஓட்டத்துக்குத் துடிப்பு குறைந்துவிடும்.

தூக்கம் குறைந்த மறுநாள் துடிப்பு கூடுதலாகவே இருக்கும். காய்ச்சலும் சளியும் விட்டுப்போன வாரத்திலும் அப்படித்தான். காய்ச்சல் முற்றும் போகாமல் கடுமையாக உடற்பயிற்சி செய்ய வேண்டாம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதற்குக் காரணம், சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கிவிடும் என்பது. பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தால் இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் வேலை பார்க்கும் பெண்கள் படியேறும்போது வரும் படபடப்பை "உடம்பு பலவீனம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் தீர்க்கக்கூடிய விஷயம் அது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும்.

அடுத்தது, உள்ளே போகும் பொருட்கள். ஷிப்டுக்கு நடுவே நாலு டீ, ஜிம்முக்கு முன் ஓர் எனர்ஜி டிரிங்க், அதன் மேல் ஒரு கரண்டி 'ப்ரீ ஒர்க்அவுட்' பவுடர். எல்லாவற்றிலும் காஃபின். குடித்ததில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எனவே சாயங்கால டீ இரவு ஜிம்மிலும் வேலை செய்துகொண்டிருக்கும். மூக்கடைப்புக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் ஆஸ்துமா இன்ஹேலரும் துடிப்பைக் கூட்டும் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இவற்றோடு சேர்க்கவே கூடாத ஒன்று மெஃபென்டர்மைன் ஊசி. அறுவை சிகிச்சை மேசையில் மயக்க மருந்தால் ரத்த அழுத்தம் விழும்போது அதை உயர்த்துவதற்காக மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மருந்து அது. களைப்புத் தெரியாமல் கூடுதல் எடை தூக்கலாம் என்று ஜிம் இளைஞர்கள் அதைத் தாங்களே குத்திக்கொள்வதும், அதற்கு அடிமையாவதும் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் அது உள்ளது. இதயம் கட்டுக்கடங்காமல் துடிக்கவும், ரத்த அழுத்தம் தலைக்கேறவும், மனநிலை பிறழவும் அது காரணமாகலாம். இதை 'பூஸ்ட்' என்று பெயர் சொல்லி ஒரு பிள்ளைக்குக் கொடுப்பவர் பயிற்சியாளர் அல்லர். அந்த ஜிம்மை விட்டு அன்றே வெளியேற வேண்டும்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. துடிப்பு படிப்படியாக ஏறும், நிறுத்தினால் படிப்படியாக இறங்கும். இப்போது சொல்லப்போவது அப்படியல்ல. 130இல் ஓடிக்கொண்டிருந்த துடிப்பு, சுவிட்ச் போட்டதுபோல் ஒரே நொடியில் 200ஐத் தாண்டும். நின்றாலும் உட்கார்ந்தாலும் இறங்காது. பத்து நிமிடமோ ஒரு மணி நேரமோ கழித்து, வந்ததுபோலவே சட்டென்று நிற்கும். கழுத்தில் தடதடவென்று அடிப்பது தெரியும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக எஸ்.வி.டி. என்பார்கள். இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் போக ஒரு வழிதான் இருக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே இன்னொரு வழியும் இருக்கும். மின்னலை ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பி, வட்டமடிக்கத் தொடங்கிவிடும். அதில் ஒரு வகையை 1930இல் விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயராலேயே உல்ஃப்–பார்க்கின்சன்–ஒயிட் நோய்க்குறி என்று அழைக்கிறார்கள்.

எஸ்.வி.டி. வந்தால் விளையாட்டே முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நீச்சல் வீராங்கனை டானா வோல்மருக்கு 15 வயதில் இந்த வகைப் படபடப்புக்காக இதயத்தில் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகுதான் அவர் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தொடர் நீச்சலில் தங்கம் வென்றார். 2012 லண்டனில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையை 55.98 வினாடியில் நீந்தி உலக சாதனையோடு இன்னொரு தங்கமும் வென்றார்.

தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, கூடுதலாக இருக்கும் வழியைச் சூடேற்றி அடைப்பதே அப்லேஷன் என்ற அந்தச் சிகிச்சை. பொதுவான வகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றி கிடைக்கிறது. ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். படபடப்பு நின்றபிறகு மருத்துவமனைக்குப் போய் எடுக்கும் இ.சி.ஜி. பலருக்குச் சுத்தமாக இருக்கும். "ஒன்றுமில்லை, பயம்தான்" என்று அனுப்பிவிடுவதும் நடக்கிறது. சுத்தமான அந்த ஒரு தாள் எதையும் தீர்த்துச் சொல்லிவிடாது. துடிக்கும்போதே எடுத்த இ.சி.ஜி.தான் சாட்சி. அதனால் படபடப்பு நடக்கும்போதே பக்கத்து மருத்துவமனைக்கு ஓர் ஆளோடு போய், முதல் வேலையாக இ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. அடிக்கடி வந்தால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவி உதவும்.

நோய் இன்னதென்று உறுதியானவர்களுக்கு மருத்துவர் ஓர் எளிய முறையைக் கற்றுத்தருவார். பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து அதன் தண்டு நகரும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் கால்களைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது. உட்கார்ந்து ஊத மட்டும் செய்தவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் சீரானது. முதன்முறை படபடப்பு வந்தவர் இதை வீட்டில் செய்து பார்க்காமல் மருத்துவமனைக்கே போக வேண்டும்.

இனி தடுப்பூசிப் பேச்சு. 18 முதல் 45 வயது வரையிலான ஆரோக்கியமானவர்களின் திடீர் மரணங்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாட்டின் 47 மருத்துவமனைகளில் ஆராய்ந்தது. சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்திய ஆய்வு அது. இறந்த 729 பேரையும் ஒப்பீட்டுக்கு 2,916 பேரையும் எடுத்துக்கொண்டு 2023இல் வெளியிட்ட முடிவில், கோவிட் தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை என்றார்கள். இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டவை வேறு: கோவிட்டுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப் பொருள், அதே 48 மணி நேரத்தில் கடும் உடலுழைப்பு. ஞாயிறு இரவு குடித்துவிட்டு மறுநாள் ஜிம்மில் "வியர்வையில் வெளியேற்றுகிறேன்" என்று எடை தூக்குபவர்கள் இந்தப் பட்டியலை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பயிற்சியின் நடுவே மயங்கி விழுவது மற்ற எல்லா அறிகுறிகளையும் விடப் பெரியது. ஓடி முடித்துச் சட்டென்று நின்றபின் தலை சுற்றுவது வேறு. காலில் ரத்தம் தேங்குவதால் அது பலருக்கும் வரும், இரண்டு நிமிடம் நடந்து ஆறினால் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பினால் அன்றோடு பயிற்சியை நிறுத்திவிட்டு இதயநோய் மருத்துவரைப் பார்த்தே தீர வேண்டும். நெஞ்சில் இறுக்கம், செய்யும் வேலைக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், குடும்பத்தில் யாராவது இளவயதில் தூக்கத்திலோ விளையாட்டிலோ இறந்திருப்பது ஆகியவையும் அப்படியே. இதயத் தசை தடிக்கும் ஒரு பரம்பரை நோய் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. ஒரு எக்கோ பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் நம் ஊரில் அதிகம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, இ.எஸ்.ஐ. பதிவுள்ள கம்பெனித் தொழிலாளிக்கு இந்தப் பரிசோதனைகள் உரிமை. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கும்தான். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி தரப்பில் 3.25 சதவீதமும் இதற்காகவே மாதாமாதம் போகின்றன. பிடித்தம் செய்த பணம் கட்டப்படுகிறதா என்று கேட்டு, இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவே இல்லாதவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையமும் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. போகும்போது படபடப்பு வந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டது, குடித்தது, போட்ட மாத்திரை, சட்டென்று வந்ததா மெல்ல ஏறியதா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். கடிகாரத்தில் பதிவான வரைபடம் இருந்தால் அதையும் காட்டலாம். மெஃபென்டர்மைன் ஊசி போட்டிருந்தால் அதை மறைக்கவே கூடாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மருத்துவர் கொடுக்கும் மருந்தே சில நேரம் ஆபத்தாகிவிடும்.