பிரஷ் இல்லாத மோட்டாரும் அதை நடத்தும் பலகையும்

மத்திய அரசாங்கத்தார் 2019-ஆம் வருஷத்தில் பி.எம். குசும் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், சூரிய வெளிச்சத்தால் ஓடும் பம்பு செட்டுகள் கிராமங்களில் பெருகியுள்ளன. இவற்றுள் பல பிரஷ் இல்லாத மோட்டாரைக் கொண்டவை. பம்பு நின்றவுடன் மோட்டாரைக் கிணற்றிலிருந்து தூக்குவது குடியானவர்களிடையே வழக்கம். ஆனால், அதை நிறுத்தியது மேலே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியாகவும் இருக்கலாம். ஆகையால் அப்பெட்டியினுள் இருக்கும் பலகையின் வேலையை அறிந்திருத்தல் நலம்.

பழைய டி.ஸி. மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் உராய்ந்துகொண்டே மின்சாரத்தைச் சுருளுக்குச் சுருள் மாற்றின. அவை தேயும், தீப்பொறியும் உண்டாகும். நீரில் மூழ்கிய மோட்டாரில் அவற்றை அடிக்கடி மாற்றுவது எளிதன்று. 1962-ஆம் வருஷத்தில் வில்ஸன், டிரிக்கி என்னும் இருவர், பிரஷ்களின் வேலையை மின்னணுச் சுவிச்சுகள் செய்யும் மோட்டாரை விவரித்தனர். இதில் சுழல்வது நிலைக்காந்தம். சுருள்கள் அசையாமல் நிற்கும்.

ஆறு சுவிச்சுகள்

மோட்டாருக்குச் செல்லும் கம்பிகள் மூன்று. ஒவ்வொரு கம்பிக்கும் மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாகப் பலகையில் ஆறு சுவிச்சுகள் உள்ளன. மேல் சுவிச்சை ஏரி மதகாகவும், கீழ்ச் சுவிச்சை வடிகால் மடையாகவும், மோட்டார்க் கம்பியை இடையில் வயலுக்குப் பிரியும் வாய்க்காலாகவும் பாவிக்கலாம். ஒரு கம்பியின் மேல் சுவிச்சும் மற்றொரு கம்பியின் கீழ்ச் சுவிச்சும் வழிவிட்டால், மின்சாரம் சுருள்களில் பாய்ந்து காந்தத்தைத் திருப்பும். மூன்றாவது கம்பி ஓய்ந்திருக்கும். ஒரே கம்பியின் இரு சுவிச்சுகளும் ஒருமிக்க வழிவிட்டாலோ, ஏரி நீர் வயலைக் காணாமல் வடிகாலில் பாய்ந்து கரையை உடைப்பதுபோல, மின்சாரம் நேரே பாய்ந்து சுவிச்சுகளை எரித்துவிடும். ஆதலால் ஒன்றை மூடிச் சிறிது இடைவெளி விட்டே மற்றொன்றைப் பலகை திறக்கிறது.

ஊஞ்சலைத் தக்க தருணத்தில் தள்ள வேண்டுவதுபோல, காந்தம் நிற்கும் இடத்தை அறிந்தே சுவிச்சுகளை மாற்ற வேண்டும். சில மோட்டார்களில், 1879-ஆம் வருஷத்தில் ஹால் என்பவர் கண்டறிந்த தத்துவத்தின்படி அமைந்த உணர்விகள் இதை அறிவிக்கும். உணர்வி இல்லாத மோட்டாரில், ஓய்ந்திருக்கும் கம்பியில் சுழலும் காந்தம் எழுப்பும் மின்னழுத்தத்தைப் பார்த்துப் பலகை அறிந்துகொள்ளும். மோட்டார் நிற்கும்போது அவ்வழுத்தம் இராது. அதனால்தான் பம்பு மெதுவாகத் தொடங்குகிறது. எட்டுக் காந்த முனைகளுள்ள மோட்டாருக்கு ஒரு சுற்றில் 24 மாற்றங்கள் வேண்டும். நிமிஷத்திற்கு 3,000 சுற்று ஓடினால் வினாடிக்கு 1,200 மாற்றங்கள் ஆகின்றன.

பம்பு ஏன் நிற்கிறது?

பலகை மின்சாரத்தின் அளவையும் கவனிக்கிறது. மணல் அடைத்துப் பம்பு இறுகினால் மின்சாரம் ஏறும். நீரின்றி வெறுமனே சுழன்றால் குறையும். காப்பு ஏற்பாடுள்ள பெட்டி இவ்விரு சமயங்களிலும் மோட்டாரை நிறுத்தும். கோடையில் பயிர் வாடும்போது இதைப் பழுதெனக் கருதி, மோட்டாரை நேரே மின்சாரத்தில் இணைக்க எண்ணலாகாது. பலகையின்றி இது ஓடாது, சுருள் எரியும். காப்பு ஏற்பாட்டை மட்டும் நீக்கினாலும், நீரின்றி ஓடும் பம்பின் பேரிங்குகள் கெடும். ஒரு நாள் நீருக்காக யந்திரத்தையே இழப்பது புத்தியன்று.

கவனிக்க வேண்டியவை

1. பம்பு நின்றால் முதலில் கிணற்று நீர்மட்டத்தைப் பார்த்து, பெட்டியில் தோன்றும் விளக்கையோ எண்ணையோ குறித்துக்கொள்க.

2. வெயில் உள்ளவரை தகடுகளில் மின்சாரம் உண்டு. பெட்டியிலுள்ள கபாஸிட்டர்கள் சுவிச்சை நிறுத்திய பின்னும் உயிரைப் போக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். குடியானவர் பெட்டியைத் திறக்கலாகாது. மெக்கானிக்கும் பெட்டியில் குறித்த நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும்.

3. பழுது பார்த்தபின் நீர் வெகுவாகக் குறைந்தால், இரு கம்பிகள் இடம் மாறி மோட்டார் எதிர்ப்புறம் சுழலக்கூடும். மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுக.

4. பெட்டி நிழலிலும் காற்றோட்டத்திலும், எறும்பும் பல்லியும் புகாவண்ணமும் இருத்தல் அவசியம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களை, முக்கியமாக இரண்டாவதை, பம்பு வைத்திருப்போருக்குக் கோடைக்கு முன்னரே எடுத்துரைப்பார்களாக.