கங்கை ஓங்கிலும் பாதாளத் தவளையும்

கண்ணிருந்தும் பார்வையில்லாத பிராணி ஒன்று கங்கையில் வாழ்கிறது. அதுதான் ஓங்கில், டால்பின் என்றும் சொல்வார்கள். கண் சிறுத்து மண்ணுக்குள் புதைந்து வாழும் தவளை ஒன்று கேரளத்து ஸஹ்யாத்ரி மலைகளில் இருக்கிறது. ஆறடிக்கு மேல் வளரும் பிராணியையும் உள்ளங்கையில் அடங்கும் தவளையையும் ஒரே தராசில் வைப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

கலங்கிய ஜலத்தில் கண்ணால் என்ன லாபம்? ஓங்கிலின் விழியில் வில்லையே கிடையாது. ஓயாமல் ஒலியெழுப்பி, மீன்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே அது இரை தேடுகிறது. ஆயினும், மூச்சுவிட மேலே வந்தே தீரவேண்டும். அந்தச் சப்தத்தைக் கேட்டுத்தான் வடநாட்டார் அதற்கு 'சூஸு' என்று பெயரிட்டார்கள் போலும்!

மேலே வருவதால் அதை எண்ணவும் முடிகிறது. 2009-ல் நமது தேசிய நீர்வாழ் பிராணி என்ற பட்டம் அதற்குக் கிடைத்தது. 2021 முதல் 2023 வரை படகுகளில் சென்று எடுத்த கணக்கின்படி நம் நாட்டு நதி ஓங்கில்கள் 6,327. இவற்றில் பியாஸ் நதியிலுள்ள மூன்று மட்டும் சிந்து நதி இனத்தைச் சேர்ந்தவை.

தவளைக்கு இந்தப் பாக்கியமெல்லாம் இல்லை. ஊதா நிறம், உப்பிய உடல், பன்றியினுடையதைப் போன்ற மூக்கு. விஞ்ஞானிகள் 2003-ல்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள்; நாசிகை என்ற வடசொல்லே அப்பெயரில் முதலில் நிற்கிறது. இதன் நெருங்கிய உறவினர் இருப்பது ஸேஷல்ஸ் தீவுகளில்! நம் தேசமும் அத்தீவுகளும் ஒரே நிலமாயிருந்த காலத்து உறவு அது. மண்ணுக்கடியில் கறையான் தின்று கிடக்கும் இத்தவளை, கோடை முடிந்து மழை தொடங்கும் சில நாட்களில் மாத்திரம் முட்டையிட வெளிவரும். ஆண்டுக்கொருமுறை வரும் மாவலியின் நினைவாக 'மாவேலித் தவளை' என்றும் சொல்கிறார்கள். இதை எண்ணுவது எங்ஙனம்?

இரண்டுக்கும் சத்துரு ஒன்றே: ஓடும் நீருக்குக் குறுக்கே எழும் சுவர். 1975-ல் இயங்கத் தொடங்கிய பரக்கா அணை, கங்கை ஓங்கில்களை மேல்புறம், கீழ்புறம் என்று பிரித்துவிட்டது. தவளைக்கோ அவ்வளவு பெரிய அணை வேண்டியதில்லை. அதன் குஞ்சுகள் வேகமாய்ப் பாயும் ஓடையில், பாறைமேல் வாயால் ஒட்டிக்கொண்டு வளர்பவை. ஒரு சிறு தடுப்பணை எழுந்து நீர் தேங்கினால் அந்த இடம் அவற்றுக்கு உதவாது. ஏலம், காப்பி, இஞ்சி என்று காடு தோட்டமாகும்போது அது வாழும் மண்ணும் மாறிவிடுகிறது.

2017-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்புறத்தில் இதே குடும்பத்தின் மற்றோர் இனத்தை அறிவித்தார்கள். அது வடகிழக்குப் பருவமழைக்கு வெளிவருவது. அம்மலையோடைகளில் சுவர் எழுப்ப நினைப்பவர்கள் ஐப்பசி மாதத்து மழை இரவில் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.