கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கதிர் மருத்துவத்தில் உயரழுத்த ஆக்சிசன்

உயரழுத்த ஆக்சிசன் முறை என்பது, நோயாளியை ஒரு மூடிய அறையில் இருக்கச் செய்து, வளிமண்டல அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் தூய ஆக்சிசனைச் சுவாசிக்கச் செய்வதாகும். முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அளிக்கும் வேளையிலேயே இதையும் அளித்தால் கட்டி முழுமையாக அழியும் என்ற எதிர்பார்ப்பில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இம்முறை ஆராயப்பட்டது. இன்று இது வழக்கமான சிகிச்சை அன்று. ஆனால், கதிர்வீச்சின் பின்விளைவுகளுக்கு இதே அறை பயன்படுகிறது. இவை இரண்டும் நோக்கத்தில் வேறானவை.

அடிப்படை

கதிர்வீச்சு உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. அக்கணத்தில் ஆக்சிசன் அருகில் இருந்தால், அது சிதைந்த பகுதியுடன் வினைபுரிந்து, உயிரணுவால் எளிதில் சரிசெய்ய இயலாதபடி அச்சிதைவை நிலைப்படுத்திவிடுகிறது. எனவே, ஆக்சிசன் இல்லாத உயிரணுவை எக்சு கதிரால் அழிக்க ஏறத்தாழ 2.5 முதல் 3 மடங்கு கதிரளவு தேவைப்படுகிறது. பிரித்தானிய இயற்பியலாளர் கிரேயும் அவருடைய குழுவினரும் 1953இல் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினர்.

வேகமாக வளரும் கட்டிக்குள் குருதிக் குழாய்கள் போதிய அளவு இருப்பதில்லை. குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தொலைவைக் கடப்பதற்குள்ளாகவே ஆக்சிசன் தீர்ந்துவிடுகிறது. அந்த எல்லையில் ஆக்சிசன் குறைவாக இருந்தும் உயிருடன் எஞ்சும் அணுக்களே கதிர்வீச்சுக்குத் தப்பி, நோய் மீண்டும் தலைதூக்கக் காரணமாகலாம். கருப்பை வாய்ப் புற்றுநோயில் குருதிப்போக்கால் சோகை ஏற்படுவதும் உண்டு. அது இக்குறையை மேலும் கூட்டுகிறது.

செயல்படும் விதம்

இயல்பான சுவாசத்திலேயே ஈமோகுளோபின் ஏறக்குறைய முழு அளவு ஆக்சிசனை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, கூடுதல் ஆக்சிசன் குருதி நீரில் கரைந்துதான் செல்ல வேண்டும். காற்றைச் சுவாசிக்கும்போது 100 மில்லிலிட்டர் குருதியில் சுமார் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிசனே கரைந்திருக்கும். 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிசனைச் சுவாசித்தால் இது சுமார் 6 மில்லிலிட்டராக உயர்கிறது. இந்தக் கூடுதல் அளவு கட்டியின் உட்பகுதியையும் எட்டும் என்பதே கருத்து.

ஆய்வுகள்

இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் குழுவினர் உயரழுத்த ஆக்சிசனுடன் கதிர்வீச்சு அளித்த தங்கள் அனுபவத்தை 1955இல் வெளியிட்டனர். நோயாளி ஓர் உருளை வடிவ அறையில் படுத்திருக்க, அதன் சுவர் வழியே கதிர் செலுத்தப்பட்டது.

பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் கருப்பை வாய்ப் புற்றுநோயில் நடத்திய சோதனையின் முடிவு 1978இல் வெளிவந்தது. ஆக்சிசன் பெற்றவர்களிடம் கட்டி கட்டுப்படுவதும் உயிர் பிழைப்பதும் மேம்பட்டிருந்தன. 55 வயதுக்குட்பட்ட, மூன்றாம் நிலை நோயாளிகளிடம் பயன் மிகுதியாகத் தெரிந்தது. ஆனால், 1999இல் வெளியான மற்றொரு சோதனையில் இப்பயன் உறுதிப்படவில்லை. கதிர்வீச்சால் நலமான திசுக்களுக்கு நேரும் பாதிப்பும் கூடியிருந்தது.

கைவிடப்பட்ட காரணங்கள்

அறையில் ஒவ்வொரு முறையும் சிகிச்சை அளிக்க நெடுநேரம் ஆனது. அதனால் பல ஆய்வுகளில் கதிரளவு குறைந்த தவணைகளில், ஒவ்வொன்றிலும் பெரிய அளவாக அளிக்கப்பட்டது. பெரிய தவணைகள் நலமான திசுக்களைப் பிற்காலத்தில் அதிகம் பாதிக்கக்கூடியவை. மாறாக, சிறு தவணைகளாகப் பல நாட்கள் அளிக்கும்போது, இடைவேளைகளில் கட்டியின் எஞ்சிய அணுக்களுக்குத் தாமாகவே ஆக்சிசன் கிடைத்துவிடுகிறது. வலிப்பு, காது சவ்வுப் பாதிப்பு, மூடிய இடத்தைக் கண்டு அஞ்சுதல், தீ விபத்து அபாயம் ஆகியனவும் தடையாயின. 1999 முதல் கதிர்வீச்சுடன் சிசுபிளாட்டின் மருந்தைச் சேர்த்து அளிப்பது வழக்கமாயிற்று.

இன்றைய பயன்பாடு

இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற சிலருக்குப் பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ குருதிக் கசிவு ஏற்படுகிறது. கதிர்வீச்சால் நுண்குழாய்கள் சுருங்கி, திசுக்களுக்குக் குருதி குறைவதே இதற்கு முதன்மைக் காரணம். உயரழுத்த ஆக்சிசன் புதிய நுண்குழாய்கள் வளரத் துணைசெய்கிறது. இச்சிகிச்சை வழக்கமாக 30 முதல் 40 அமர்வுகளாக அளிக்கப்படுகிறது. சிறுநீர்ப்பைப் பாதிப்பில் நலம் கிடைப்பதாக நார்டிக் நாடுகளின் 2019 சோதனை காட்டியது. நாட்பட்ட குடல் தொல்லைகளுக்குப் பயன் இல்லை என்று பிரித்தானியாவின் 2016 சோதனை தெரிவித்தது.

ஆகவே, இந்த அறை இன்று புற்றுக்கட்டியை அழிக்கும் கருவி அன்று; கதிர்வீச்சு விட்டுச்சென்ற புண்ணை ஆற்ற, சில நிலைகளில் மட்டும் உதவும் துணைச் சிகிச்சையாகும். ஆக்சிசன் அறையை நம்பிக் கதிர்வீச்சையோ மருந்தையோ தள்ளிப்போடுவது நோய் முற்றவே வழிசெய்யும்.